வெளி மாநிலத்தில் விவசாய நிலம் வாங்குவது: நம்மூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஓய்வு பெறுகிறவர்கள், சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் முதலில் நினைப்பது நிலத்தைத்தான். மூன்று தலைமுறையாக அடுத்தவர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்துக்குச் சொந்தப் பெயரில் ஐந்து ஏக்கர் என்பது சின்ன ஆசை இல்லை. சிலாங்கூரில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் பேராக், பகாங், நெகிரி செம்பிலான் என்று வெளியே தேடுகிறார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவன் என்பதால் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் சொந்த லாயரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அண்ணே, சிலாங்கூர் ஆளு பகாங்குல நிலம் வாங்க முடியுமா? அந்த ஊர்க்காரனாத்தான் இருக்கணுமா?

வாங்கலாம். மலேசியக் குடிமகனாக இருந்தால் போதும், எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பது பொதுவாகத் தடை இல்லை. தீபகற்பம் முழுக்க 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம்தான் நடக்கிறது. ஆனால் அரசியலமைப்புப்படி நிலம் மாநில அரசின் அதிகாரம். அதனால் நிலவரி, பிரீமியம் எனப்படும் அரசுக் கட்டணம், பெயர் மாற்ற அனுமதி, அதற்கு ஆகும் காலம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிலாங்கூரில் ஒரு வீடு வாங்கிய அனுபவத்தை வைத்துக்கொண்டு பகாங் நில அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.

சபாவும் சரவாக்கும் வேறு கதை. அங்கே நிலச் சட்டமே வேறு, பூர்வீக மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் நிறைய, நாம் அங்கே போய்த் தங்கவே குடிநுழைவு விதிகள் உண்டு. இங்கே நான் சொல்வதெல்லாம் தீபகற்பத்துக்கு மட்டும்.

எந்த மாநிலம் நல்லது? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தை வேண்டுமென்றால் "பக்கம்" என்பேன். காலையில் கிளம்பி, நிலத்தில் நாலு மணி நேரம் இருந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிற தூரத்தில் இருந்தால்தான் அந்த நிலத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். நம்மூரிலிருந்து என்றால் பேராக்கில் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா. பகாங்கில் பெந்தோங், ரவூப். நெகிரி செம்பிலானில் சிரம்பான் சுற்றுவட்டாரம். குளுவாங், சிகாமட், கூலிம் எல்லாம் நல்ல ஊர்கள்தான். ஆனால் அங்கே மகனோ மகளோ மச்சானோ குடியிருந்தால் மட்டும் யோசியுங்கள். தூரத்து நிலத்தை மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டால் முதலில் செம்பனைக் குலை களவு போகும், அப்புறம் வேலி நகரும், கடைசியில் யாராவது குடிசை போடுவார்கள்.

தூரம் ஒத்துவந்த பிறகு, நம்மால் வாங்கக்கூடிய நிலம் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பேராக்கில் ரப்பர் காலத்துச் சிறுதோட்டங்கள் நிறைய உண்டு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு நிலத்துண்டில் (லாட்) ஒன்று சாதாரண நிலமாகவும் மற்றது மலாய்க்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய மலாய் ஒதுக்கீட்டு நிலமாகவும் இருக்கும். பகாங் மிகப் பெரிது, அதில் பெரும் பகுதி காடும் பெல்டா எனப்படும் அரசு நிலக் குடியேற்றத் திட்டங்களும். நெகிரி செம்பிலானில் குவாலா பிலா, ரெம்பாவ், ஜெலுபு, தம்பின் பக்கம் அடாட் நிலம் என்று தாய்வழிக் குலத்துக்குச் சேர்ந்த நிலங்கள் இருக்கின்றன, அவை நமக்கு விற்பனைக்கு இல்லை. மலாக்காவிலும் மலாய்க்காரர்களுக்கான மரபுவழி நிலம் உண்டு. கிளந்தான் ஏறக்குறைய முழுக்க ஒதுக்கீட்டு நிலம், அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்க தாத்தா மண்ணைப் பார்த்து வாங்கணும்னு சொல்வாரு. எந்த ஊர்ல எந்த மண்ணு?

தாத்தா சொன்னது சரி. நம் குவாலா சிலாங்கூர் கடலோரத்திலும் சாபாக் பெர்ணம், பாகான் டத்தோ பக்கமும் இருப்பது கடல் கொண்டுவந்த களிமண். செம்பனைக்கும் தென்னைக்கும் அருமை, ஆனால் வடிகால் வெட்டிப் பராமரிக்க வேண்டும். சிகாமட், குவாந்தான் வட்டாரங்களில் எரிமலைப் பாறை உதிர்ந்த ஆழமான செம்மண் உண்டு, டுரியான்காரர்கள் தேடிப் போவது அதைத்தான். பேராக், ஜொகூர் உள்பகுதிகளில் கருங்கல் உதிர்ந்த ரெங்கம் வகை மண் அதிகம். ரப்பர் அதில்தான் வளர்ந்தது, செம்பனையும் நன்றாக வரும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மேலே சிவப்பாக இருந்து ஒரு முழம் தோண்டினால் கப்பிக்கல் தட்டுகிற மலாக்கா வகை மண். வேர் இறங்காது, வறட்சியில் மரம் முதலில் வாடும். மற்றது கம்போட் எனப்படும் சேற்றுக் கரிமண். பொந்தியான், பத்து பகாட், கீழ்ப்பேராக் பகுதிகளில் கிடைக்கும், விலையும் குறைவு. தண்ணீர் வடிய வடிய மண் தாழ்ந்துபோய்ச் செம்பனை சாய்ந்துவிடும். டுரியானுக்கு அறவே ஆகாது. நிலம் பார்க்கப் போகும்போது ஒரு சங்குல் (மண்வெட்டி) கொண்டு போங்கள். மேட்டில் ஓர் இடம், பள்ளத்தில் ஓர் இடம் வெட்டிப் பாருங்கள். தரகர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மழையையும் கேளுங்கள். தைப்பிங் நாட்டிலேயே அதிகம் மழை பெறும் ஊர்களில் ஒன்று, தீபகற்பத்தில் மிகக் குறைவாகப் பெய்வது ஜெலுபு பக்கம். கெடாவின் வடக்கிலும் பெர்லிசிலும் ஆண்டுத் தொடக்கத்தில் நிஜமான வறட்சிக் காலம் உண்டு. அங்கே ஹாருமானிஸ் மாம்பழம் நன்றாக விளைவதும் அதனால்தான், செம்பனை தவிப்பதும் அதனால்தான்.

கிராண்டுல என்ன பார்க்கணும்? எல்லாம் மலாய்ல இருக்கே.

இந்தப் பதிலைப் பொறுமையாகப் படியுங்கள், கீழே பல கேள்விகளுக்கு இதுவே அடிப்படை. கிராண்டின், அதாவது நிலப் பட்டாவின், மேல்பகுதியில் மாநிலம், மாவட்டம், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), லாட் எண், பரப்பளவு இருக்கும். பழைய கிராண்டில் ஏக்கர், ரூட், போல் என்று எழுதியிருப்பார்கள். ஓர் ஏக்கருக்கு 4 ரூட், 160 போல். புதியதில் ஹெக்டார், ஓர் ஏக்கர் ஏறக்குறைய 0.4 ஹெக்டார். கிராமப்புறத்தில் 4 ஹெக்டார் வரையிலான நிலத்துக்கு மாவட்ட நில அலுவலகமே பட்டா தரும், அதுதான் கிரான் முக்கிம். அதற்கு மேல் போனால் மாநிலப் பதிவகம்.

அப்புறம் மூன்று வரிகள். கத்தகோரி என்ற இடத்தில் பெர்தானியான், அதாவது விவசாயம் என்று இருக்கும். சாராட் ஞாத்தா என்ற இடத்தில் "கெத்தா" (ரப்பர்) என்றோ "கெலாப்பா சாவிட்" (செம்பனை) என்றோ "பாடி" (நெல்) என்றோ எதைப் பயிரிட வேண்டும் என்று போட்டிருக்கும். செக்காத்தான் கெபெந்திங்கான் என்ற இடம்தான் மிக முக்கியம். அங்கே "தியாடா" என்றிருந்தால் தடை இல்லை. மாநில அதிகாரத்தின் அனுமதியில்லாமல் பெயர் மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது என்று இருந்தால், அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், மறுக்கவும் செய்யலாம். ஒப்பந்தத்தில் "அனுமதி கிடைத்தால் மட்டுமே, இல்லையென்றால் முன்பணம் முழுக்கத் திரும்ப" என்று எழுத வைத்துவிடுங்கள்.

விற்பவர் நீட்டுகிற நகலை நம்பி எதுவும் செய்யாதீர்கள். லாட் எண்ணும் பட்டா எண்ணும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சாரியான் ராஸ்மி எனப்படும் அதிகாரப்பூர்வத் தேடல் செய்யலாம். இன்றைய உரிமையாளர் யார், பேங்க்கில் அடகு இருக்கிறதா, கவியட் என்ற தடைக் குறிப்பு போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் வரும். ஒரு முறை ஒப்பந்தத்துக்கு முன், இன்னொரு முறை மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்.

மலாய் ரிசர்வ்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? நேர்ல பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு.

நேரில் பார்த்தால் தெரியாதுதான். கிராண்டிலும் தேடல் தாளிலும் "ரிசாப் மெலாயு" என்ற குறிப்பு இருக்கும், சந்தேகம் என்றால் மாவட்ட நில அலுவலகத்தில் அரசிதழ் எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். இந்த ஒதுக்கீடு 1913-லேயே அன்றைய கூட்டு மாநிலங்களான பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங்கில் வந்தது. பின்னர் கெடா, ஜொகூர் முதலிய மாநிலங்கள் தங்களுக்கென்று சட்டம் போட்டுக்கொண்டன. அரசியலமைப்பின் 89-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. பினாங்கிலும் மலாக்காவிலும் இந்த வகை ஒதுக்கீடு இல்லை.

மலாய்க்கார கூட்டாளி பேர்ல வாங்கி, தனியா ஓர் அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்னு சொல்றாங்களே?

வேண்டவே வேண்டாம். ஒதுக்கீட்டு நிலத்தில் சட்டத்தைச் சுற்றிப் போகிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. கூட்டாளி தங்கமானவராகவே இருக்கட்டும், நாளைக்கு அவர் இறந்துவிட்டால் நிலம் அவர் வாரிசுகளுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

குத்தகை நிலம் விலை கம்மியா இருக்கு. 40 வருஷம் பாக்கி இருக்காம். வாங்கலாமா?

பாஜாக்கான் எனப்படும் குத்தகை நிலத்துக்கு அதிகபட்சம் 99 ஆண்டு. காலம் முடிந்தால் நிலம் மாநிலத்துக்குத் திரும்பும், நீட்டிக்கப் பிரீமியம் கட்ட வேண்டும், நீட்டித்துத் தருவது அரசின் விருப்பம். உங்களுக்கு 55 வயது, ஒரு சுற்றுச் செம்பனை 25 ஆண்டு என்று கணக்குப் போட்டால் 40 ஆண்டு போதும் போலத் தோன்றும். பிள்ளைகள் விற்கப் போகும்போது மிச்சம் 15 ஆண்டுதான் இருக்கும், பேங்க் கடன் கிடைக்காது, வாங்க ஆளும் வராது. விலையில் பெரிய வித்தியாசம் இருந்தாலொழிய நிரந்தர உரிமை நிலத்தையே தேடுங்கள்.

கிராண்டுல ரப்பர்னு இருக்கு, நிலத்துல செம்பனை நிக்குது. பரவாயில்லையா?

நாட்டில் இது சர்வசாதாரணம், ஆனாலும் அது நிபந்தனை மீறல்தான். நில அலுவலகம் அறிவிப்பு அனுப்பலாம், சரிசெய்யாவிட்டால் நிலத்தையே பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. நிபந்தனையை மாற்ற விண்ணப்பிக்கலாம். அந்தச் செலவை விற்பவர் ஏற்பாரா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். கட்டலாமா?

விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு வட்டார ஊராட்சி மன்றத்தில் வரைபடம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். வாடகைக்கு விட வரிசை வீடு, தங்கும் விடுதி என்று போனால் நிலத்தின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும், பிரீமியமும் கட்ட வேண்டும்.

பலரும் மறப்பது மின்சாரமும் தண்ணீரும். கடைசி மின்கம்பத்திலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். கம்பம் நட்டு இழுக்கிற செலவு உங்கள் தலையில் விழும்.

தார் ரோடு வரைக்கும் போகுது, அப்புறம் எஸ்டேட் ரோடு. பிரச்சனை வருமா?

வரும். கண்ணுக்குத் தெரிகிற பாதை வேறு, வரைபடத்தில் இருக்கிற பாதை வேறு. தோட்டத்துப் பாதையில் இத்தனை நாள் விட்டது நல்ல மனசு. தோட்டம் கைமாறி, புது நிர்வாகம் கேட் போட்டுப் பூட்டினால் உங்கள் குலை வெளியே வராது. சர்வே வரைபடத்தில் உங்கள் லாட்டைத் தொட்டு ரிசாப் ஜாலான், அதாவது பாதைக்கு ஒதுக்கிய இடம், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரரோடு ஈஸ்மெண்ட், அதாவது அவர் நிலம் வழியாகப் போகும் உரிமை, எழுதிப் பதிவு செய்யலாம், அல்லது நில நிர்வாகியிடம் வழியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் காலம் பிடிக்கும். வாங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

பாதையைப் பார்க்கும்போதே எல்லைக் கல்லையும் தேடிவிடுங்கள். பத்து செம்படான் என்று சொல்லும் அந்தக் கல் பெரும்பாலும் பெரணிச் செடிக்கும் லாலாங் புல்லுக்கும் அடியில் மறைந்திருக்கும். பாராங் கத்தியால் வெட்டி ஒதுக்கினால் மண்ணுக்கு மேல் விரல் உயரம்தான் தெரியும். நான்கு மூலையிலும் கல் கிடைக்க வேண்டும். ஒன்று காணாமல் போயிருந்தாலும் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்த பிறகே பணம். "அந்தப் பெரிய பலா மரம் வரைக்கும் நம்மது" என்று சொல்பவர் பேச்சை எல்லையாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெள்ளம், யானை இதெல்லாம் யார் கிட்ட கேக்கிறது?

பக்கத்துக் கடையில் கேளுங்கள். தேநீர் குடித்துக்கொண்டே "போன வெள்ளத்துல தண்ணி எதுவரை வந்துச்சு?" என்றால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. ஜொகூரில் கோத்தா திங்கி 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் மூழ்கியது, சிகாமட், யோங் பெங், பத்து பகாட் 2023 மார்ச்சில் தத்தளித்தன. முடிந்தால் மழைக்காலத்தில் போய் நிலத்தைப் பாருங்கள். வெயில் காலத்தில் எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும்.

யானை என்றால் கிரிக், குவா மூசாங், குளுவாங், கோத்தா திங்கி காட்டோரங்கள். புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் குருத்து யானைக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரே இரவில் ஒரு மூலையே காலியாகிவிடும். காட்டை ஒட்டிய நிலம் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் காரணம். மின்வேலிச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

நிலம் ரெண்டரை லட்சம்னா கையில எவ்வளவு வச்சிருக்கணும்?

பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு. ஆக 250,000-க்கு 1,000 கூட்டல் 3,000, மொத்தம் 4,000 ரிங்கிட். வரியை நீங்கள் சொன்ன விலையில் போட மாட்டார்கள். மதிப்பீட்டுத் துறை சந்தை விலை அதிகம் என்றால் அதன் மேல்தான் கணக்கு. லாயர் கட்டணம் முதல் 500,000 வரை 1.25 விழுக்காடு, அதாவது 3,125 ரிங்கிட், சேவை வரியும் சில்லறைச் செலவுகளும் தனி. சர்வே, பாதை, நிபந்தனை மாற்றம் என்று மேலே சொன்னவை இருந்தால் அவையும் சேரும். விற்பவரின் லாயரையே வைத்துக்கொண்டு கட்டணம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

சேமநிதிய எடுத்து வாங்கலாமா? இல்ல பேங்க் லோன் போடலாமா?

வேலையில் இருக்கும்போது வீடு வாங்கச் சேமநிதியில் எடுக்கலாம், வெறும் விவசாய நிலத்துக்கு எடுக்க முடியாது. 55 வயதில் வருகிற பணம் உங்கள் இஷ்டம். பேங்க் கடன் கிடைக்கும், ஆனால் வீட்டுக் கடன் அளவுக்கு விழுக்காடு தர மாட்டார்கள், தவணைக் காலமும் குறைவு.

ஒரு வேண்டுகோள். முழுச் சேமநிதியையும் நிலத்தில் போடாதீர்கள். செம்பனை நட்டுக் குலை தள்ளவே இரண்டரை மூன்று ஆண்டு, ரப்பர் வெட்ட ஐந்தாறு ஆண்டு. அதுவரை உரத்துக்கும் களைக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவு நிலம் காய்க்கும்வரை காத்திருக்காது.

டெபாசிட் கட்டினப்புறம் வேற ஆளுக்கு வித்துட்டா?

ஒப்பந்தத்தில் கையெழுத்தான உடனே லாயரைக் கவியட் போடச் சொல்லுங்கள். ஆறு ஆண்டுவரை அது நிற்கும், அதுவரை உங்களைத் தாண்டி வேறு யார் பெயரிலும் பதிய முடியாது. வழக்கமான 10 விழுக்காடு முன்பணம் லாயரின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போகட்டும். தரகர் கையில் ரொக்கமாக எதையும் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற முகவரா என்பதற்கு அட்டை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

அரை ஏக்கர் 30,000 வெள்ளின்னு வாட்சாப்ல வருதே, பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிராண்டாம்.

இதுதான் நம் மக்களை அதிகம் அழவைக்கிற விஷயம். சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டாருக்குக் கீழே பிரிக்க முடியாது, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆகவே அரை ஏக்கருக்குத் தனிக் கிராண்டு எந்தக் காலத்திலும் வராது. உங்களுக்குக் கிடைப்பது ஐந்து ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. காகிதத்தில் கோடு போட்டு "இது உங்க லாட்" என்று காட்டுவது அவர்கள் போட்ட கோடு, நில அலுவலகத்துக்கு அது தெரியாது. ரோட்டோரத் துண்டு உங்களுடையது என்று நினைத்து வேலி போட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் அதில் பங்கு உண்டு. முழு நிலத்தையும் விற்கவோ அடகு வைக்கவோ வேண்டுமென்றால் பத்துப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் வாரிசுகளும் சேர்ந்து பதினைந்து பேர்.

அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து ஆறு ஏக்கர் வாங்கினால் அது வேறு. பிற்காலத்தில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று பிரிக்க விண்ணப்பிக்கலாம், அளவு இடம் தரும்.

பெல்டா நிலம் ஒருத்தர் தர்றேன்றாரு. அரசாங்க பெர்மிட் நிலமும் ஒண்ணு இருக்கு. எது பரவாயில்ல?

இரண்டும் வேண்டாம். பெல்டா குடியேறிகளின் நிலம் 1960-ஆம் ஆண்டுக் கூட்டுக் குடியேற்ற நிலச் சட்டத்துக்குள் வருகிறது, வெளியாட்களுக்கு இஷ்டம்போல் விற்க முடியாது. பெர்மிட் நிலம் என்று சொல்வது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியாது. ரவூப்பில் உரிமமில்லாத அரசு நிலத்தில் மூசாங் கிங் டுரியான் நட்டு வளர்த்தவர்கள் 2020-லிருந்து பட்ட பாட்டை நாடே பார்த்தது. மரம் எத்தனை வயதானாலும் மண் அரசாங்கத்துடையது என்றால் உங்களுடையது ஆகாது.

பழைய எஸ்டேட்ட பிரிச்சு விக்கிறாங்களாம். நாங்க பொறந்த தோட்டம் அண்ணே. அதுல வாங்கலாமா?

இந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாக்கி விற்றபோது லயத்தை விட்டு நடுத்தெருவுக்கு வந்தவர்கள் நம்மவர்கள். அதைப் பார்த்துத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்.

இப்போதைய சட்டப்படி 40 ஹெக்டாரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைக் கைமாற்றவும் பிரிக்கவும் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். அனுமதி வரும் முன்பே முன்பணம் வாங்குகிறார்கள் என்றால் நகர்ந்துவிடுங்கள். அனுமதியும் தனித்தனிக் கிராண்டும் வந்துவிட்டால் தாராளமாக வாங்கலாம், நானே சந்தோஷப்படுவேன்.

நாங்க இங்க, நிலம் அங்க. யாரு வேலை பார்க்கிறது?

பெரும்பாலும் குலை வெட்டுகிற குத்தகைக்காரரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று விடுவார்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. குலை விற்க செம்பனை வாரியத்தின் உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எடைச் சீட்டைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு நேராக வரட்டும். ஏக்கருக்கு 55, 60 மரம் என்ற கணக்கில் உங்கள் மரங்களை எண்ணி வைத்திருந்தால் ஒரு சுற்றில் எடை திடீரென்று குறையும்போது கேள்வி கேட்கலாம்.

வாங்கும்போதே மரத்தின் வயதைக் கேளுங்கள். இருபத்தைந்தைத் தொட்ட உயரமான மரங்கள் என்றால் வெட்டுக்கூலி ஏறும், சீக்கிரம் மறுநடவு செய்ய வேண்டும். பழைய மரத்தை எரித்து நிலத்தைச் சுத்தம் செய்யலாம் என்று எண்ண வேண்டாம், திறந்தவெளி எரிப்புக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு.

யாராவது குடிசை போட்டுப் பத்து வருஷம் இருந்துட்டா நிலம் அவங்களுக்குப் போயிடுமா?

போகாது. நம் சட்டத்தில் அனுபவித்ததாலேயே உரிமை வருவதில்லை. ஆனால் கிளப்ப கோர்ட்டுக்குப் போக வேண்டும், பணமும் மன உளைச்சலும் உங்களுடையது. தூரத்தைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே, அதுதான் காரணம்.

நிலவரி கட்ட மறந்துட்டா என்ன பெருசா ஆயிடும்? அபராதம்தானே?

நிலமே போய்விடும். நிலவரியை ஆண்டுதோறும் மே 31-க்குள் கட்ட வேண்டும், ஜூன் 1 முதல் பாக்கி. பாக்கிக்கு 6ஏ பாரம் என்ற அறிவிப்பு வரும், அதில் மூன்று மாத அவகாசம். கட்டாவிட்டால் மரத்தோடும் வீட்டோடும் நிலம் மாநில அரசுக்குப் பறிமுதல்.

வெளி மாநிலத்து ஆட்களுக்கு இதில் பெரிய ஆபத்து முகவரிதான். அறிவிப்பு போவது நிலப் பதிவில் இருக்கும் முகவரிக்கு. நம் ஆட்கள் பலர் தோட்டத்து லயத்து முகவரியைக் கொடுத்து நிலம் வாங்கியிருக்கிறார்கள். லயத்தை இடித்துக் காலமாயிற்று, கடிதம் யாரிடமும் சேராது. வீடு மாறினால் நிலம் இருக்கும் மாவட்டத்து நில அலுவலகத்தில் முகவரியை மாற்றுங்கள், முத்திரை போட்ட நகலைக் கிராண்டோடு வையுங்கள். கடிதம் வராவிட்டாலும் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்களே போய், அல்லது இணையத்தில் வசதி உள்ள மாநிலமானால் அதில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

வித்தா வரி உண்டா?

லாபத்தில் உண்டு. குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. சர்வே, லாயர், முத்திரை வரிச் செலவுகளின் ரசீதை வைத்திருந்தால் லாபத்திலிருந்து கழிக்கலாம்.

விக்கிறவரு "எங்கப்பா நிலம்"ங்கிறாரு. கிராண்டுல அப்பா பேருதான் இருக்கு, அவரு இறந்துட்டாரு. வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க முடியாது. மகனுக்கு விற்கும் உரிமை இன்னும் வரவில்லை. தாய், தம்பி, கல்யாணமாகிப் போன அக்கா என்று எல்லாருக்கும் பங்கு இருக்கலாம். சிறிய சொத்து என்றால் நில அலுவலகத்திலேயே பங்கீட்டு விசாரணை நடக்கும், இல்லையென்றால் உயர்நீதிமன்றம். அது முடிந்து கிராண்டில் பெயர் மாறட்டும், அதன் பிறகு தேடல் செய்து, மேலே சொன்னபடி ஒப்பந்தம். "அட்வான்ஸ் கொடுங்க, அதை வச்சுப் பேரை மாத்திக்கிறேன்" என்பதற்கு இணங்கினால், பங்காளிகளின் சண்டைக்கு நடுவில் உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும்.

என் காலத்துக்கப்புறம் பிள்ளைங்களுக்கு இந்தச் சிக்கல் வராம இருக்க என்ன பண்ணணும்?

உயில் எழுதுங்கள். எழுதாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். பெற்றோர் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் மட்டும் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு போகும். மூன்று ஏக்கருக்கு நாலு பிள்ளை என்றால் பங்கு நிலத்தைப் பற்றிய பதிலில் சொன்ன அதே முடிச்சு உங்கள் வீட்டிலேயே விழும். ஆகவே நிலத்தை ஒருவருக்கு, சேமிப்பை மற்றவர்களுக்கு என்று உங்கள் கையாலேயே பிரித்து வைப்பது நல்லது.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். மருமகனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள். உயிலில் "பகாங் நிலம்" என்று மட்டும் எழுதாமல் பட்டா எண், லாட் எண், முக்கிம், மாவட்டம் நான்கையும் எழுதுங்கள். நிலம் யாருக்கோ அந்தப் பிள்ளையை உங்களுக்கு உடம்பு திடமாக இருக்கும்போதே ஒருமுறை கூட்டிக்கொண்டு போய், குத்தகைக்காரரையும் பக்கத்து நிலத்துக்காரரையும் அறிமுகம் செய்து, நான்கு கல்லையும் காட்டிவிடுங்கள்.